வேலிக்கு வெளியே ஒரு துணிச் செம்மறி

கொடிகாமத்துத் தக்சாயினி ஓர் ஆட்டுக்கூட்டத்தின் பின்னால் ஆறு வாரம் அலைந்தது ஆடு பார்க்க அல்ல, நாய் பார்க்க. போன வருடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலித் துணிச்சித்திரக் கண்காட்சிக்கு அவள் அனுப்பிய மயிலை, "இதில் எதுவும் அசையவில்லை" என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை அசைகிற ஒன்றைத் தைத்தே தீருவதென்று இருந்தாள்.

அசைவு ஆட்டுக்காரர் சோமசேகரத்தின் நாயிடம் இருந்தது. வேலையை மேற்பார்க்கிற அதிகாரி போல நடப்பதால் அதற்குப் பெயர் ஓவசியர். சோமசேகரத்தின் நாற்பத்துமூன்று செம்மறிகளும் எருவுக்காக ஒவ்வொரு தோட்டமாகப் போய்ப் பட்டியில் அடைபடும். விடிந்தால் அடுத்த தோட்டம். அவற்றை நகர்த்துவது குரைப்பு அல்ல. செம்மறிக்குத் தன்னைச் சுற்றி ஒரு தூரம் உண்டு. அதற்குள் நாய் கால் வைத்தால் விலகும், வெளியே நின்றால் மேயும். ஓவசியர் அந்த எல்லையின் மேலேயே நடக்கும். சோமசேகரம் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அதற்கு நேர் எதிரே போய் நிற்கும், ஆடுகள் நடுவில். அவர் கம்பை உயர்த்தினால் நாய் நின்றுவிடும். தாழ்த்தி நீட்டினால் அந்தத் திசைக்கு ஓட்டும். இயந்திரம் அவ்வளவுதான்.

தக்சாயினி அதை அப்படியே தைத்தாள். நாய் ஓடிய பாதைக்கு நீல நூல். பட்டிக்குள் ஒன்பது செம்மறி. வெளியே, மேல் மூலையில், தனியாக ஒன்று. அந்த ஒன்றைத் தேடித்தான் பார்ப்பவரின் கண் துணி முழுக்க ஓடும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் பொம்மைக் கூட்டம். உடம்புகள் புடைத்துத் தெரிய உள்ளே எதையாவது அடைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மறியில் கம்பளி ஏது, கட்டை மயிர்தான். கிளுவை வேலியில் உரசிக் கழன்றதையெல்லாம் பொறுக்கி அடைத்தாள்.

பிசகியது அங்கேதான்.

வியாழன் காலை சோமசேகரத்துக்குக் காட்டுவதற்காகத் துணியை, அன்று ஆடுகள் அடைபட்டிருந்த தன் வீட்டு வளவின் வேலியில் விரித்தாள். ஓவசியர் துணிப் பட்டிக்குள் இருந்த ஒன்பதையும் மோந்தது, திருப்தி. மூலையில் இருந்ததை மோந்தது, அதிலும் ஆட்டு மணம். பிறகு அதன் முன்னால் வயிறு நிலத்தில் படப் படுத்து, அதையே முறைத்தது.

"வா, போவம்," என்றார் சோமசேகரம்.

நாய் போகவில்லை. நாய் போகாமல் ஆடுகளும் போகா. நாற்பத்துமூன்றும் தக்சாயினியின் வளவில் செவ்வரத்தைப் பூச்செடிகளைத் தின்னத் தொடங்கின. வெள்ளி மத்தியானம் செவ்வரத்தை முடிந்து வாழைக்கு வந்துவிட்டன.

"பிள்ளை, உந்த ஆட்டைப் பிரிச்சுப் பட்டிக்குள்ளை வைச்சுத் தையும். சோலி முடிஞ்சுது."

"அது வெளியிலை நிண்டால்தான் அண்ணை படம்."

"வெளியிலை நிண்டால் நரி கொண்டு போடும்."

"துணியை எந்த நரி அண்ணை தின்னும்?"

"அதை ஓவசியருக்குச் சொல்லும்."

சனி காலை எட்டு மணிக்குக் துணியை ஏற்றக் கண்காட்சி வான் வண்டி வரும். துணியைச் சுருட்டப் போனால் நாய் பல்லைக் காட்டியது. தக்சாயினி அதன் பக்கத்தில் குந்தியிருந்து யோசித்தாள். தனியே நிற்கிற ஆட்டைத்தானே இது விடாது? ஆளோடு நிற்கிற ஆட்டை ஒருநாளும் கணக்கெடுத்ததில்லையே.

"அண்ணை, உங்கடை சாரத்திலை ஒரு துண்டு வேணும்."

"கட்டியிருக்கிறதிலையோ?"

"ஓம். தோய்ச்சது சரிவராது, உங்கடை மணம் இராது."

"நல்ல கலைதான்," என்று புறுபுறுத்துக்கொண்டே அவர் இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு சாரத்தை அவிழ்த்துக் கொடுத்தார்.

பொழுது படுமுன் மூலைச் செம்மறியின் அருகில், சாரத் துண்டில் தைத்த கையளவு சோமசேகரம் ஒருவர் நின்றார். கம்பீரமாக இருக்கட்டும் என்று கம்பை உயர்த்திப் பிடித்திருந்தார். ஓவசியர் மோந்து வாலை ஆட்டியது. எழுந்தது. எழுந்தபடியே நின்றது.

"வா!"

நாய் திரும்பியும் பார்க்கவில்லை.

"டேய், நான் இஞ்சை நிக்கிறன்!"

இரண்டு முதலாளிகளில் கத்தாத முதலாளியை அது தெரிவு செய்திருந்தது.

சனி காலை தேத்தண்ணி ஆற்றும்போதுதான் தக்சாயினிக்கு உறைத்தது: கம்பை உயர்த்தினால் நில்! ஓடிப்போய், கம்பின் தையலைப் பிரித்தாள். தாழ்த்தி, வளவின் வாசல் படலைப் பக்கம் நீட்டித் திருப்பித் தைத்தாள். முடிச்சுப் போடுமுன் ஓவசியர் புறப்பட்டது. ஒன்றரை நிமிடத்தில் நாற்பத்துமூன்றும் படலைக்கு வெளியே. சோமசேகரம் சொல்லாமலே.

வான் வண்டியில் வந்த தேர்வுக்குழுச் சிவகௌரி துணியின் முன் நெடுநேரம் நின்றார். அவர் கண் நீல நூலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் போய் மூலையில் நிற்பதைத் தக்சாயினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சுருட்டுங்கோ," என்றார் சிவகௌரி. "மூலையிலை நிக்கிறவர் ஆர்?"

தக்சாயினி வாய் திறக்குமுன் துவாயோடு நின்ற சோமசேகரம் முந்திக்கொண்டார்.

"ஓவசியரின்ரை முதலாளி. திருநெல்வேலியிலை எத்தினை நாள் நிப்பார் எண்டு சொன்னால் நல்லது, அம்மா. அவர் வந்து கம்பை மற்றப் பக்கம் திருப்பினால்தான் நாயும் ஆடுகளும் வீட்டுக்குத் திரும்பும்."