ஈரம் படக்கூடாத அறை

மீன் வெட்டும் கூடத்தில் ‘லொடலொடா’ என்று பேர் வாங்கியவளின் வாய் ஓய்ந்தால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கத்தி ஒரு பக்கம் ஓடும், கதை ஒரு பக்கம் ஓடும். அவள் வாயில் விழாத ஆளே அங்கே கிடையாது. அன்று அவள் பேசவில்லை. மேசையிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீர் ஏப்ரனைத் தாண்டி உள்ளே இறங்கி, உள்ளாடையை நனைத்து, பூட்ஸுக்குள் தேங்கியது.

“என்ன அண்ணி, மறுபடியுமா?” பக்கத்து மேசையிலிருந்து நாத்தனார் சாய்ந்து வந்து காதோடு கேட்டாள்.

“மறுபடியும்தான். நெருப்பை வச்சுக் கட்டின மாதிரி இருக்குடி.”

ஒரு வருஷமாக இந்தப் பாடு. ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவளுக்கு மருந்துக்கடை ஆண்களின் முன்னால் மட்டும் நாக்கு எழவில்லை. “கால் விரல் இடுக்குல அரிப்பு” என்று சொல்லிக் களிம்பு வாங்கி வந்து, அதை மறைவிடத்தில் பூசினாள். இரண்டு நாள் அடங்கும். பிறகு வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும்.

அன்று சாயங்காலமே நாத்தனார் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, களிம்பை வாங்கிப் பார்த்தார்.

“இதை யார் குடுத்தது?”

“கடையிலதாம்மா. கால்ல அரிப்புன்னு சொன்னேன்.”

“அரிப்பை அமுக்கிட்டு பூஞ்சையை வளர விட்டிருக்கு இது. நல்லவேளை, சர்க்கரை இல்ல. மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க. சோப்பு போட்டுத் தேய்க்காதீங்க, தண்ணி போதும். பருத்தித் துணி போடுங்க, நனைஞ்சா உடனே மாத்திடுங்க. ஈரத்தோடவே நின்னா எத்தனை மாத்திரை குடுத்தாலும் திரும்ப வரும்.”

மாத்திரை கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். வேலைக்குப் போகும்போது பிளாஸ்டிக் பையில் காய்ந்த துணி ஒன்றைச் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஆனால் எங்கே மாற்றுவது? கழிவறையில் கணுக்கால் தண்ணீர், கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. அங்கே காய்ந்திருந்த ஒரே இடம் அட்டைப்பெட்டி அறைதான்.

“சார், பெட்டி ரூம்ல அஞ்சு நிமிஷம். துணி மாத்திக்கிறேன்.”

“ஈரத்தோட அங்க போகக் கூடாதுன்னு தெரியாதா?” என்றார் சூப்பர்வைசர். “அப்படி என்ன தலை போற அவசரம்?”

கத்திகள் நின்றன. மறைத்து மறைத்துத்தானே இவ்வளவு வந்தது என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“ஈரத்துல நின்னு நின்னு கீழ புண்ணாயிடுச்சு சார். மாத்தலேன்னா திரும்ப வரும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் இல்ல, இங்க பாதிப் பேருக்கு இருக்கு.”

யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆமென்றும் சொல்லவில்லை. நாத்தனார் கூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கருமம்! பேசற பேச்சா இது? சீக்குன்னா வீட்டுல கிட, வேற ஆள் பாத்துக்கறேன்.”

அவள் திரும்பி வந்து கத்தியை எடுத்தாள். வேலையை விட்டால் வீட்டில் உலை கொதிக்காது. மத்தியானத்துக்குள் அரிப்பு லேசாகத் தலைகாட்டியது.

எதிரே பெட்டி அறையைத் திறந்தார்கள். தரை ஈரம் ஏறாமலிருக்க மரப்பலகை போட்டு, அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் குனிந்து அடிப்பெட்டியை விரலால் தடவிப் பார்த்தார்.

“அட்டை நமுத்துப் போகுது பாரு. இன்னொரு ஃபேனைப் போடு” என்று யாரிடமோ சொன்னார்.

அவள் பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.