ஐந்தாம் வகுப்பு வரை

கணக்கு வகுப்பில் என் மகள் ஸ்டெல்லா மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது, எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஆறாம் வகுப்புக்குப் போன நாளிலிருந்தே மார்க் சரிந்துகொண்டிருந்தது. போன வாரம்தான் முதுகில் இரண்டு வைத்தேன். "தின்ன சோறெல்லாம் எங்கடி போவுது?" என்று கேட்டுக் கேட்டு வைத்தேன்.

நான் அரக்கோணத்தில் பத்தாவது வரை படித்தவள். பத்தாவது முடியும்வரை மதியம் என் தட்டில் சத்துணவு விழுந்தது. இங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கூலி வேலை பார்க்கும் சூசைராஜைக் கட்டிக்கொண்டு ஹைதராபாத் வந்தேன். 2003-இல் மகள் படிக்கும் அரசுப் பள்ளியிலும் சோறு போட ஆரம்பித்ததும் டிபன் டப்பாவைப் பரணில் போட்டுவிட்டேன். காலையில் டீயும் பன்னும். சாயங்காலம் "சாப்ட்டியா?" என்பேன். "ஹவ்" என்பாள், ஆமாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

பேகம்பேட்டில் நான் தரை துடைக்கும் ஆபீஸில் சொல்லிவிட்டு ஓடினேன். பள்ளியில் மதிய மணி அடித்திருந்தது. வராந்தாவில் சின்னப் பிள்ளைகள் வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் பெஞ்சில் சுருண்டு கிடந்தாள்.

"சோத்தைப் போட்டுட்டுப் படுக்க வெக்கக் கூடாதா சார்?"

ஹெட்மாஸ்டர் ராகவேந்திரா தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். சாப்பாடு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தானாம். என் பெண் ஆறாவதாம். அந்தப் பொறுமையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆறாவது போனா பசிக்காதா சார்?"

"ஆர்டர் அப்படிம்மா."

"ஆர்டர் போட்டவரு மத்தியானம் சாப்புடறாரா?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் பெரிதாக ஒரு கம்ப்யூட்டர் படம் வரைந்து வைத்திருந்தார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மூன்று மாதமாக வெறும் வயிற்றோடு கணக்குப் போட்டிருக்கிறாள். மூன்றடுக்கு கேரியரோடு கான்வென்டுக்குப் போகிற பிள்ளையோடு இவள் போட்டி போடவேண்டும். தோற்றால் மக்கு என்பார்கள். நானே சொன்னேனே.

அவளை இழுத்துக்கொண்டுபோய் வரிசையில் உட்காரவைத்தேன். குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

"ஒருத்திக்குப் போட்டா அத்தனை பேரும் வருவாங்கம்மா" என்றார் ஹெட்மாஸ்டர்.

"வரட்டும்!"

சமைக்கிற ஃபாத்திமா கரண்டியோடு தயங்கினாள். "அரிசி அளந்து தர்றாங்க கமலம்மா. எதுக்கு இந்தச் சண்டை? பெருசுக்குப் போட்டா சின்னதுக்குப் பத்தாது." சொல்லிவிட்டு, தனக்கென்று வைத்திருந்ததைத் தட்டில் கொட்டினாள்.

ஸ்டெல்லா தொடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கை ஓங்கிவிட்டேன். "ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சோறு போடறதாலதான் ஸ்கூலுக்கு அனுப்புறேன், சோறு நின்னா உன்கூட வேலைக்கு வரட்டும்னு அப்பா சொல்லிச்சு. நீயும் சரின்னியேம்மா."

சொல்லியிருந்தேன். சும்மா, அவர் வாயை அடைக்க. அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்கும் ஸ்கூலுக்கு அனுப்புவியா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் வாங்கிக்கொண்டாள்.