கோல்டு கார்டும் காப்புக் கயிறும்

என் வீட்டுக்காரர் தமிழ்வாணன் அந்த ஏர்லைன்ஸ் கோல்டு கார்டுக்கென்றே சட்டைக்கு உள்பாக்கெட் தைத்து வைத்திருந்தார். பாட்டில் அடைக்கும் மெஷின் செய்கிற அம்பத்தூர் கம்பெனியில் அவருக்கு வேலை. எந்த ஊரில் மெஷின் படுத்தாலும் பறந்துபோய் சரிசெய்ய வேண்டும். திரும்பி வந்தால் போன ஊரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தனி வரிசையில் விட்டார்கள், லவுஞ்சில் உட்காரவைத்து இட்லி போட்டார்கள் என்பதுதான் பேச்சு. நம்ம சென்னீர்குப்பத்தில் கிடைக்காத இட்லியா என்று நான் எரிந்து விழுவேன்.

இந்த வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். தையல் பிரிந்து சீழ் வைத்து, டாக்டரே வாயைத் திறக்காத நிலைமை. அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பிழைத்தால் ஆடியில் தீ மிதிப்பதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிழைத்தேன்.

ஆடியில் அவர் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்த அன்றே ஏர்லைன்ஸிலிருந்து மெசேஜ் வந்தது. பறக்கப் பறக்கப் புள்ளி சேரும். ஓர் அளவைத் தொட்டால்தான் அடுத்த வருஷமும் கோல்டு. போன வருஷம் அளவுக்கு மேல் சேர்ந்த புள்ளிகளை இந்த வருஷக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அதனால் வீட்டிலேயே இருந்தும் ஒரே ஒரு கொல்கத்தா டிரிப்தான் குறைந்தது. அங்கே ஒரு மெஷினும் படுத்துக் கிடந்தது. ஆனால் கணக்கு டிசம்பரில் முடியும் என்று மனுஷன் நினைத்திருக்க, அது தீமிதிக்கு முந்தின நாளே முடிகிறது. காப்புக் கட்டியவர் தீ மிதிக்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

போய்விட்டு வாருங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றேன். கார்டு போனால் போகட்டும் என்றார். சொல்லும்போதே முகம் சுண்டிவிட்டது. என்னால்தானே போகிறது என்று எனக்கு மனசு ஆறவில்லை.

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் கோயிலில் இருந்த நேரம் ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டேன். ஜஸ்டின் என்று ஒரு தமிழ்ப் பையன் எடுத்தான். ஆபரேஷன், வேண்டுதல், காப்பு எல்லாவற்றையும் கொட்டினேன். பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டதற்கு இதுதான் உங்கள் மரியாதையா என்று சண்டையும் பிடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேதியைத் தள்ளிவைக்க வழியில்லை என்று வருத்தப்பட்டான். பிறகு என் பேரைக் கேட்டான்.

"கலைவாணி மேடம், நீங்க பேசற நம்பர்லயே ஒரு கோல்டு கார்டு இருக்கு. முந்தாநேத்து சார்தான் உங்களுக்குக் குடுத்திருக்காரு."

கோல்டு வைத்திருப்பவர் தன் குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு இலவசமாக கோல்டு தரலாமாம். தன் கார்டு செல்லுபடியாகிற வரைக்கும்தான் அந்த உரிமை. கொடுத்தவருடையது போனாலும் வாங்கியவருடையது போகாதாம். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்றிருந்த எனக்கு கோல்டு கார்டு!

அவர் வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"என்னுது எப்டியும் போவப்போவுது. அதுக்குள்ள குடுத்தாதான் உண்டு," என்றார். "ஆஸ்பத்திரில நீ கண்ண மூடிகினு கெடந்தப்போ, இவள எங்கயுமே கூட்டினு போவலியேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. அழுதேன். அம்மனையும் அவரையும் சேர்த்தே கும்பிட்டேன்.

தீ மிதித்தார். காலில் ஒரு கொப்புளம் இல்லை. காப்பு அவிழ்த்த பிறகு கொல்கத்தாவுக்குக் கிளம்பினோம். அவர் டிக்கெட் கம்பெனி செலவு, என்னுடையது, இலவச டிக்கெட்டுக்கென்று அவர் பறந்து பறந்து சேர்த்துவைத்திருந்த மைல்களில் எடுத்தது. லவுஞ்ச் வாசலில் இருந்த பெண் கோல்டு போய் தரம் இறங்கி வந்த அவருடைய புதுக் கார்டைப் பார்த்து, இதற்கு அனுமதி இல்லை என்றாள். என்னை மட்டும் போய்ச் சாப்பிட்டு வரச் சொல்லிவிட்டு எப்போதும் தனியாகவே பறந்து பழகிய அவர் பெட்டிகளோடு ஒதுங்கி நின்றார். என் கார்டைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து வணக்கம் சொன்னாள்.

"உங்ககூட ஒருத்தரை கெஸ்டா கூட்டிட்டுப் போகலாம் மேடம். யாராவது வந்திருக்காங்களா?"

"தோ நிக்கிறாரு பாரு," என்றேன். "என்னைப் பொழைக்க வெச்சி இட்டுகினு வந்தவரு. உள்ள வுடும்மா."