அடியில் தங்கிய ரத்தம்

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த இயந்திரக் கைக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் மாப்பிள்ளை. எல்லாவற்றையும் எதிரில் கொண்டுவந்து வைத்தால்தான் அசையும். ஒன்று குறைந்தாலும் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என்ன குறையாம்?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே நுழைவார்கள்.

அதற்கு வேலை சொல்லிக்கொடுத்தவள் அக்கா. கூடத்தில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அக்கா. வீட்டிலும் அக்காதான், லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒரு தம்பிக்கு.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா, மிரள வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். வந்து சேர்ந்த உறுப்பை உடம்பு அந்நியன் என்று விரட்டாமல் அந்த மருந்துதான் பார்த்துக்கொள்கிறது. ரத்தத்தில் அது குறைந்தால் உடம்பு உறுப்பைத் தாக்கும். கூடினால் மருந்தே உறுப்பைக் கெடுக்கும். நடுவில் இருக்கிற இடம் மிகவும் ஒடுக்கம். அந்த அளவைச் சொல்லும் பெரிய கருவி பக்கத்து அறையில் இருக்கிறது. ஆனால் ரத்தத்தை அப்படியே அதற்குக் கொடுக்க முடியாது. குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கரைப்பான் விட்டு உடைத்து, குலுக்கி, சுழற்றி, கசடை ஒதுக்கித் தெளிந்ததை மட்டும் கொடுக்க வேண்டும். அக்கா அதைக் கையால் செய்து செய்து மணிக்கட்டு வீங்கிப் போனவள். இயந்திரம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் விடாமல் நச்சரித்தவளும் அவளேதான்.

தான் செய்கிற ஒவ்வொரு அசைவையும் நினைவுகூர்ந்து அவள் அதற்குப் புரோகிராம் எழுதினாள். சில குழாய்களை வைத்துச் சோதித்தாள். கையால் செய்ததும் மாப்பிள்ளை செய்ததும் அச்சாகப் பொருந்தின. மறு வாரம் முழு வேலையும் மாப்பிள்ளை பொறுப்பில் போனது.

தம்பியின் வயிற்றில் இருப்பது அம்மாவின் சிறுநீரகம். ஊருக்கு வெளியே உள்ள கிளினிக்கில் அவன் ரத்தம் கொடுப்பான். அது வண்டியில் வந்து சேர்ந்து, வரிசையின் கடைசியில் உட்காரும். இத்தனை வருடமாக ஒழுங்காக இருந்த அளவு இப்போது குறைவாக வந்தது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் குறைவு. மறுபடி கூட்டினார்.

"மாத்திரையை மறந்துட்டியாடா? உண்மையைச் சொல்லு," என்றாள் அம்மா.

"உன் கிட்னிம்மா. மறந்தா நீ உள்ளேயிருந்தே குத்த மாட்டியா?"

"வாய் மட்டும் குறையல."

சிரித்துக்கொண்டேதான் அவன் சட்டைப் பொத்தானைப் போட முயன்றான். பொத்தான் ஓட்டைக்குள் போகவில்லை. விரல்கள் நடுங்கின.

"கை என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"கொஞ்ச நாளா இப்படித்தான். ஸ்க்ரூவை எடுத்தா அது டான்ஸ் ஆடுது. கூட வேலை செய்யிறவங்க, என்னடா லவ்வான்னு கேக்கறாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மருந்து கூடினால்தான் கை நடுங்கும் என்பது அவளுக்குத் தெரியும். கருவியோ குறைவு என்கிறது. கருவி சொல்வது சரியென்றால் இந்தக் கை எதற்காக நடுங்குகிறது?

தம்பி அடுத்து ரத்தம் கொடுத்த நாளில் அவள் வேறு வேலை எதையும் தொடவில்லை. மாப்பிள்ளையின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஒவ்வொரு குழாயாக இறங்கி ஏறியது. வரிசை பாதியைத் தாண்டியபோது அவள் கதவோடு ஒட்டிக் குனிந்து பார்த்தாள். காத்திருந்த குழாய்களில் ரத்தம் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலே மஞ்சள் நீர், அடியில் கருஞ்சிவப்பு. அந்த மருந்து தங்குவது சிவப்பணுக்களில். ஊசி உறிஞ்சுவதோ மேலே நின்ற நீரை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

அவள் கை எப்போதும் என்ன செய்யும்? குழாயை எடுத்ததும், பக்கத்தில் யாரோடு என்ன பேசிக்கொண்டிருந்தாலும், தலைகீழாகக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்து, ரத்தம் ஒன்றாகச் சேர்ந்த பிறகே மூடியைத் திறக்கும். அதை ஒரு வேலை என்று அவள் நினைத்ததே இல்லை. மூச்சு விடுவதை யாராவது எழுதுவார்களா? அதனால் எழுதவில்லை. சோதனை நாட்களில் குழாய்களை அவளே எடுத்து வைத்ததால், கவிழ்த்துக் கலக்கித்தான் வைத்திருக்கிறாள். அதுவும் அவளுக்கே தெரியாமல்.

துறைத் தலைவி, எல்லோரும் மேடம் என்று அழைப்பவர், முதலில் நம்பவில்லை.

"அளவு தெரிஞ்ச ரத்தம், அந்தக் கன்ட்ரோல், அது தினமும் சரியா வருதே?"

"அதுல அணுக்களை முன்னாடியே உடைச்சு விக்கறாங்க மேடம். அது படியாது. ஜனங்க ரத்தம் படியும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் எழுதின புரோகிராம் மேடம். தப்பு என்னுது."

"கையெழுத்து போட்டது நான். அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல கலக்கிப் பண்ணு."

அன்றைய குழாய்களைக் கவிழ்த்துக் கலக்கி, அக்கா கையாலேயே மறுபடி செய்தாள். வரிசையின் முன்னால் இருந்தவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. பின்னால் போகப் போக எண்கள் ஏறின. தம்பியுடையது, இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

"உன் தம்பிக்கு முதல்ல போன் பண்ணு," என்றார் மேடம்.

"மாத்திரை போடாதேடா," என்றாள் அக்கா போனில். "டாக்டர் கூப்பிடுவாரு, அவர் சொல்றபடி செய்."

"ஏன்க்கா?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

அவனிடம் போனில் அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் முகம் தெரியாத மற்றவர்களிடம், அவர்களுடைய மருத்துவர்களிடம், ஒவ்வொருவரிடமும் முழுசாகச் சொன்னாள். எங்கள் பரிசோதனையில் தவறு, நான்தான் செய்தேன் என்று.

மாலையில் வீட்டில் சொன்னாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"மத்தவங்ககிட்டயும் நீயேவா சொன்னே?"

"ஆமா."

"திட்டினாங்களா?"

"ஒருத்தர் திட்டினாரு. ஒரு அம்மா நன்றி சொன்னாங்க. அதைத்தான் தாங்க முடியல."

"சரி, நானும் திட்டிடறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கவுத்துருப்பே அந்தக் குழாயை? உனக்கு ஞாபகமே வரலியா?"

"வரலடா."

அவன் அதற்கு மேல் திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அம்மா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "என் உடம்புலேருந்து எடுத்துக் கொடுத்தது," என்றாள். குரல் உயரவில்லை. "இன்னிக்கு என்கூடப் பேசாதே. நாளைக்குப் பேசு."

"சரிம்மா."

மறுநாள் அக்கா வேலை முடிந்து வந்ததும் அம்மாதான் முதலில் பேசினாள். "இனிமே அவனோடதை நீயே கையால பண்ணு. அந்த மெஷின் வேணாம்."

"இல்லம்மா. மெஷின்தான் பண்ணும். கவுத்துக் கலக்கறதையும் எழுதியாச்சு. இந்தத் தடவை யாரையும் குழாயைத் தொட விடாம, வரிசையை நிரப்பி, காக்க வச்சு, கடைசி வரைக்கும் பாத்தோம்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சில வாரங்களில் மருந்தின் அளவு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. நடுக்கம் நின்றது. சிறுநீரகம் மட்டும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. "கொஞ்சம் போயிருக்கு. மிச்சத்தைப் பத்திரமா பாத்துக்கலாம்," என்றார் மருத்துவர்.

வெளியே வராந்தாவில் மருந்துச் சீட்டை மடித்தபடி தம்பி கேட்டான்.

"மிச்சம் எவ்வளவு நாள் வரும்க்கா?"

ரொம்ப நாள் வரும்டா என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது, கண்ணுகளா. எந்த அக்காவுக்குத்தான் இருக்காது? ஆனால் அவள் சொல்லும் அளவை நம்பித்தான் அவன் இத்தனை நாள் மாத்திரை விழுங்கியிருக்கிறான்.

"தெரியலடா," என்றாள்.

தம்பி தலையை ஆட்டினான். சீட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, மருந்துக் கடை வரிசையில் அவளோடு போய் நின்றான்.