அக்கா கொண்டுவந்த மூன்று புட்டிகள்

...மூன்றில் எது நல்ல கம்பெனி, அதை மட்டும் சொல்லுடா போதும், என்று பட்டறை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள் அக்கா, மூன்று நாளாக மெக்கானிக் தம்பியும் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறான், இஞ்சின் ஆயிலில் கலக்க ஒரு புட்டி, பெட்ரோலில் ஊற்ற ஒன்று, வண்டியை மினுக்க ஒன்று, மூன்றும் மூன்று கம்பெனி, எதுவும் கடையில் கிடைக்காதாம், ஆள் சேர்த்து, அந்த ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துத்தான் விற்பார்களாம். விரலில் தேய்த்தான், மோந்தான், பழைய இஞ்சினில் ஊற்றி ஓட்டியும் பார்த்தாயிற்று... கெடுதல் இல்லை, பிரயோசனமும் இல்லை. கம்பெனிக்காரர்கள் தந்த புத்தகங்களைப் புரட்டினால் எண்ணெயைப் பற்றி ஒரு பக்கம், ஆள் பிடிப்பதைப் பற்றிப் பதினெட்டுப் பக்கம். மூன்றுமே ஒரே குட்டையில் ஊறியவை, ஆனால் எப்படிச் சொல்வது, படுக்கையில் கிடந்த அப்பாவைப் பதினாலு வருஷம் புரட்டிப் போட்ட கை அது, அவர் போன பிறகு அவள் முகத்தில் வெளிச்சம் பார்ப்பதே இந்தக் கம்பெனிக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிய ரெண்டு மாதமாகத்தானே?

அந்த நேரம் பார்த்தா வாடிக்கை டாக்சிக்காரர் வந்து, பெஞ்சிலிருந்த ஒரு புட்டியைக் காட்ட வேண்டும்... "அண்ணே, நீங்களும் இதத்தான் ஊத்துறீங்களாமே, அக்கா சொன்னாங்க, எனக்கும் ஒண்ணு குடுங்க." இவன் பெயரைச் சொல்லியா விற்கிறாள்? அக்கா தரையைப் பார்த்தாள். தலையாட்டினால் முடிந்தது, ஒரு புட்டிதானே, ஆனால் இந்த மனிதர் இவன் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார், அந்த நம்பிக்கைதானே இத்தனை வருஷத்தில் சேர்த்தது... "நான் ஊத்தல அண்ணே. உங்களுக்கும் வேண்டாம்."

டாக்சி போனது. அழுவாள், இல்லை கத்துவாள் என்று காத்திருந்தான். அவளோ புட்டிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள், மூடியை இறுக்கிப் பார்த்து வைத்தாள்.

"எண்ணெய் எப்படின்னு எனக்குத் தெரியாதாடா? போன வாரம் கூட்டத்துல மேடையேத்திப் பேசச் சொன்னாங்க. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

எழுந்து போய்விட்டாள். பின்னால் ஓட வேண்டும் போலிருந்தது, ஓடி, என்ன சொல்ல, கூட்டத்துக்குப் போ என்றா, போகாதே என்றா... இவன் கை தட்டியிருக்கிறானா, ஒரு தடவையாவது? எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அலசினான், புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தான், மேடையேறி என்னக்கா பேசினே என்று மட்டும், இதோ, அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் கேட்கத் தோன்றுகிறது...