வெயில், பசி, சாம்பிராணி

வெள்ளைச்சாமிக்குத் தலைவலி ஒன்று அல்ல, இரண்டு. அதைப் பிரித்துச் சொன்னவர் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா நீரஜா. அதுவரை பதினோரு வருஷமாக இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, ஒரே துண்டால் மண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தான்.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் அவன் சுமை தூக்குகிறவன். லாரியில் வரும் துணிக்கட்டுகளைத் தலையில் வாங்கி மூன்று மாடி ஏறிக் குடோனில் அடுக்க வேண்டும். கூட்டாளி சக்திவேல். இருவருக்கும் ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரே ரயிலில் வந்தவர்கள், ஆதம்பாக்கத்தில் ஒரே அறையில் படுத்தவர்கள், ஒரே சட்டியில் பொங்கித் தின்றவர்கள்.

டாக்டரம்மா கேட்ட கேள்வியே புதுசாக இருந்தது.

"சாயங்காலமானா ரெண்டு பக்கமும், பிடரி வரைக்கும், கயிறு போட்டு இறுக்குற மாதிரி இருக்கா?"

"இருக்கும்மா. அது தெனமும் உள்ளதுதான்."

"அதோட வேலை பாக்க முடியுதா?"

"பாக்காம?"

"அது கழுத்துத் தசை இறுகி வர்ற வலி. இன்னொண்ணு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க."

இன்னொன்று மாதத்துக்கு இரண்டு தரம் வரும். முதலில் கண்ணோரத்தில் உடைந்த கண்ணாடி வளையல் மாதிரி ஒன்று மினுங்கும். பிறகு எதைப் பார்த்தாலும் நடுவில் ஓட்டை. அரை மணி கழித்து வலது பொட்டில் சம்மட்டி அடி விழும். வெளிச்சம் குத்தும், பேச்சுச் சத்தம் குத்தும், குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி. கடையில் எல்லாரும் தண்ணி போட்ட வினை என்றார்கள். வெள்ளைச்சாமி பீடி கூடத் தொடாதவன்.

அவனுக்கு வலியை விட அந்த ஓட்டைதான் பயம். போன வருஷம், முப்பத்தெட்டு வயதில், மாம்பலத்துக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்திருந்தான். ஒரு நாள் துணிச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு எழுத்துகள் காணாமல் போயின. வந்த எழுத்து வந்த வழியே போகிறது என்று நினைத்துக் குலைநடுங்கிப் போனான்.

"எழுத்து எங்கயும் போகல," என்றார் டாக்டரம்மா. "மூளையில ஒரு அலை மாதிரி ஓடும். அரை மணி நேரத்துல பார்வை திரும்பிடும். இதுக்கு மைக்ரேன்னு பேரு. மாத்திரை வலி வர்ற அன்னைக்கு மட்டும். தினம் போட்டா அந்த மாத்திரையே தலைவலியைக் கூட்டிட்டு வரும். ஒவ்வொரு தடவையும் வர்றதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு எழுதி வைங்க. கூட வேலை செய்யறவங்ககிட்டயும் சொல்லி வைங்க, ஒத்தாசையா இருக்கும்."

கிழிந்த சீட்டுகளின் பின்பக்கம் இரண்டு மாதம் எழுதினான். எழுதியதைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்று பேர்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள்: வெயில், பசி, சாம்பிராணிப் புகை. தனியாக ஒருவர் வந்தால் சமாளித்துவிடலாம். மூன்று பேரும் சேர்ந்து வந்தால் தப்ப முடியாது.

அன்றைக்கே சக்திவேலுக்குப் படித்துக் காட்டினான். சக்திவேல் தன் பிடரியைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"எனக்குந்தாம்ல மண்டை வலிக்கி. எனக்கு இந்த மினுக்கு வளையலெல்லாம் வரமாட்டேங்கே?"

"ஒனக்குள்ளது வெறுங்கயிறு. எனக்குக் கயிறும் உண்டு, சம்மட்டியும் உண்டு."

"குடுத்து வச்ச பயல்ல நீ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதன் பிறகு சக்திவேல் அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் லாரி வந்தால் இவனைக் குடோனுக்குள் தள்ளிவிட்டுத் தான் வெளியே நிற்பான். வேளை தவறாமல் சாப்பிட விரட்டுவான். மூன்று மாதம் சம்மட்டி எட்டிப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் குடோன் சாவி வைத்திருந்த பெரியவர் கண்புரையென்று ஊருக்குப் போனார். அந்த வேலை வாசலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. கட்டின் மேலுள்ள குறியைப் படித்து நோட்டில் எழுதினால் போதும், தலையில் சுமை கிடையாது. முதலாளி அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவி வாங்குகிறவன் வெள்ளிக்கிழமை மத்தியானப் பூஜை முடிந்ததும் சாமி படத்துக்கு முன்னால் லாரியோடு வரும் சரக்குச் சீட்டு ஒன்றை நடுவில் விடாமல் கடைசி வரை படிக்க வேண்டும். படித்தவன் கையில் சாவி. சாமி முன் கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டார்.

"வெள்ளைச்சாமி மொதல்ல படிக்கட்டும். நடுவுல நின்னுட்டாம்னா சக்திவேலு," என்றார். எழுத்துக்கூட்டாமல் படிக்கிறவன் வெள்ளைச்சாமிதான் என்பது கடைக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் டீக்கடைக்கு முன்னால் சக்திவேல் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"சாமிக்கு முன்னால படிக்கப் போற. வயித்துல ஒண்ணும் போடாதல. வெரதமா இரு. சாவியை வாங்கிட்டுச் சாப்பிடு, நான் வாங்கித் தாரேன்."

தனக்கு இது தோன்றவில்லையே என்று வெள்ளைச்சாமிக்கு வெட்கமாகிவிட்டது.

"இன்னா நைனா, டீ கூட வாணாமா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"இன்னைக்கு வெரதம்ணே," என்றான் பெருமையாக.

பதினோரு மணிக்கு லாரி வந்து நின்றது. கத்திரி வெயில்.

"பூஜைக்கு முன்னால எறக்கணும்னு அண்ணாச்சி உத்தரவு," என்றான் சக்திவேல். "எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. நீ மேல ஏறித் தள்ளிவிடுதியா?"

வெள்ளைச்சாமி ஏறினான். தகரம் காலைச் சுட்டது. பசியும் வெயிலும் இரண்டாகிவிட்டன என்று மனசு கணக்குப் போட்டது. மூன்றாவது ஆளுக்குப் பக்கத்தில் போகாமல் ஓரமாக நின்றுகொள்ளலாம், சக்திவேல் பார்த்துக்கொள்வான் என்று தேற்றிக்கொண்டான்.

பூஜை அறை ஆறடிக்கு ஆறடி. உள்ளே நுழைந்தபோது தூபக்கால் சக்திவேல் கையில்தான் இருந்தது. கைநிறையச் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, சாமிக்குக் காட்டிவிட்டு, வெள்ளைச்சாமியின் காலடியில் கொண்டுவந்து வைத்தான்.

முதல் வரியைப் படித்தான். இரண்டாவது வரியையும் படித்தான். மூன்றாவது வரியில் கண்ணோரத்தில் வளையல் மினுங்கியது. சீட்டின் நடுவில் ஓட்டை விழுந்தது.

"அண்ணாச்சி, ஒரு அரை மணி நேரம்... சரியாயிரும்."

"ஒண்ணேகாலோட நல்ல நேரம் முடியுதுல்லா. படிக்கத் தெரியும்னுதான சொன்னே?"

பதில் சக்திவேலிடமிருந்து வந்தது.

"அவனுக்கு எழுத்து நடுவுல மறந்து போயிரும் அண்ணாச்சி. அவனே எங்கிட்டச் சொல்லியிருக்கான்."

பிறகு சக்திவேல் சீட்டை வாங்கினான். எழுத்துக்கூட்டி, மூச்சு வாங்கி, கடைசி வரை படித்துவிட்டான்.

குடோனில் கட்டுகளுக்குப் பின்னால் இருட்டில் வெள்ளைச்சாமி சுருண்டு கிடந்தான். இரண்டு தரம் வாந்தி எடுத்தாயிற்று. கணக்கர் சங்கரன், மயிலாப்பூர்க்காரர், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இந்த வெயில்ல உன்னை யாருடா லாரியில ஏறச் சொன்னா? வண்டி நிக்கட்டும், சாயங்காலமா எறக்கிக்கலாம்னுதானே முதலாளி சொன்னார். நான்தானே சக்திவேல்கிட்ட சொல்லிட்டுப் போனேன்."

மண்டை பிளக்கிற வலியிலும் வெள்ளைச்சாமிக்கு அது தெளிவாகக் கேட்டது. விரதம், லாரி, தூபக்கால். தான் வாய்விட்டுப் படித்துக் காட்டிய மூன்று பேரையும் சக்திவேல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

விளக்கு வைக்கிற நேரம் வலி இறங்கியது. சக்திவேல் மாத்திரையும் டம்ளருமாக வந்து குந்தினான். இடுப்பில் சாவிக்கொத்து.

"கோவமால?"

"லாரியில ஏத்துனது கூடப் போகட்டும்ல. வெரதம்னு சொன்னே பாரு. நீ எனக்காக வேண்டிக்கிடுதியோன்னு நெனச்சேன்."

சக்திவேல் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஒனக்கு மாசம் ரெண்டு நாள். எனக்கு வருசம் பூரா. ஒன் வலிக்குப் பேரு இருக்கு, கேக்க டாக்டரம்மா இருக்கு, மூணு மாசம் நானும் தாங்கினேன். என் கழுத்துக் கயித்தை எவன்ல கேட்டான்? நீ கேட்டியா?"

வெள்ளைச்சாமி கேட்டதில்லை.

"வாய்விட்டுச் சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்," என்றான்.

"குடுத்திருக்க மாட்ட."

கொடுத்திருப்பேனா என்று வெள்ளைச்சாமிக்கே தெரியவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க இனி வழியும் இல்லை. மாத்திரையைத் தொடாமல் எழுந்து போனான்.

ஆதம்பாக்கத்து அறையையும் கடையையும் அந்த வாரமே விட்டான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் சாமான் அறைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பட்டறைக்காரர் உமர் ஃபாரூக் ஒரு பெட்டியைக் காட்டி மேலே ஒட்டியிருந்ததைப் படிக்கச் சொன்னார். நிறுத்தாமல் படித்தான்.

"நல்லாத்தான் படிக்கிற. உடம்புக்கு ஏதாச்சும் கீதா? கண்ணு, காக்காவலிப்பு, தலைவலி? இப்பவே சொல்லிடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். தகரக் கூரை தலைக்கு மேல் கொதித்தது. மூலையில் யாரோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த நெடி மூக்கில் ஏறியது. கூட இருப்பவர்களிடம் சொல்லி வைங்க என்று டாக்டரம்மா சொன்னது நினைவில்தான் இருந்தது.

"ஒண்ணும் கெடையாது பாய்," என்றான்.

"சாப்பாட்டுக்கு மணி மூணாயிடும், பரவால்லியா?"

"பரவாயில்ல."