காதென்றால் இரையத்தான் செய்யும்

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கித் துருத் தட்டும் சுத்தியல்களின் சத்தத்துக்கு, தம்பலகாமத்து யானைகள் காடு மாறிப் போயின. புல்மோட்டையில் மணல் அதிர்ந்து தானாகவே சலிபட்டது. இதில் பாதியாவது உண்மை.

அங்கே துருத் தட்டும் மற்றவர்கள் மீசை முளைக்க முதலே அந்த இரும்பு வயிற்றுக்குள் இறங்கியவர்கள். அல்பிரட் மட்டும் முப்பது வயது வரை நிலாவெளியில் கரைவலை இழுத்தவன். நிசப்தம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும், அதுதான் வினை. இப்போது அவன் காதுக்குள் ஒரு விசில் ஓயாமல் ஊதியது. நித்திரை படலை வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

துறைமுகத்துக் காதுகளைச் சோதிக்க டொக்டர் கமலாதேவி வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினான்.

“இது சுகப்படாது,” என்றார் அவர். “இரைச்சல் கூடாமல் பாக்கலாம். இன்னும் கொஞ்சப் பேருக்கு இருந்தால், சுத்தியல் சத்தத்தாலதான் எண்டு எழுதி உங்களை வெளிவேலைக்கு மாத்தச் சொல்லுவன். ஒராளுக்கு மட்டும் எண்டால் ஏலாது.”

கொஞ்சப் பேரா! கூட்டாளி ஜெமீல் இங்கே நின்று கதைத்தால், கிண்ணியாவில் அவன் மனைவி ஸல்ஹா அது கேட்டு உலை வைப்பாள். அவ்வளவு செவிடு. அல்பிரட் நிம்மதியாக வெளியே காத்திருந்தான்.

“காதுக்குள்ள இரைச்சல் இருக்கா?”

“இல்லை, டொக்டர்.”

ஜெமீல் உட்பட, வரிசையாக எல்லோரும் அதையே சொன்னார்கள். அல்பிரட் ஜெமீலின் கையைப் பிடித்தான்.

“மச்சான், உனக்கு ஒண்டும் கேக்கிறேல்லையா?”

“கேக்கும்தானே. ஙொய்ங் எண்டு.”

“பிறகேன் இல்லை எண்டனீ?”

“அவ கேட்டது நோய் வருத்தத்தையெல்லோ! காது எண்டால் இரையும், மூக்கு எண்டால் மூச்சு விடும். எங்கட வாப்பாக்கும் இரைஞ்சது. இதைப் போய்ச் சொன்னால் அவ சிரிப்பா.”

அல்பிரட் அவனை உள்ளே இழுத்துப் போனான். “இவருக்கும் இருக்கு, டொக்டர்.”

“எனக்கெல்லாம் வழமை போலத்தான்!” என்று ஜெமீல் போட்ட சத்தத்தில் அலுமாரிக் கண்ணாடி ஆடியது.

டொக்டர் அல்பிரட்டை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்கள் சொல்லிக் குடுக்கிறதை நான் எழுத ஏலாது.”

துறைமுகத்தில் ஒருவருக்கு மட்டும், வேலை காரணமல்ல. முடிவு அப்படித்தான் போனது.

இருவரும் திரும்பவும் கப்பலுக்குள் ஏணியில் இறங்கினார்கள்.

“நல்ல மனுசி, மச்சான்,” என்றான் ஜெமீல். “ஆனா அவட அறைக்குள்ள என்ன சில்வண்டு! எப்பிடித்தான் இருக்கிறாவோ.”

அந்த அறைக்குள் சில்வண்டு ஏது! அல்பிரட் சுத்தியலை எடுத்தான். தட்டும்போது மட்டும் அந்த விசில் கேட்பதில்லை.